ஓஃபர் அத்தான்

நீங்கள் ஏதோ வாங்கப் போகிறீர்கள் என்ற செய்தி அத்தானுக்கு எப்படித்தான் போய்ச் சேருகிறதோ தெரியாது. ஃபிரிஜ் பழுது என்று அம்மா காலையில் அடுப்படிக்குள் நின்று சொல்லியிருப்பா. பின்னேரம் அத்தானின் சைக்கிள் எங்கள் வேலியில் சாத்திக் கிடக்கும். வந்தவர் சுகம் கேட்க மாட்டார்.

"மச்சான், கடையில காசாக் குடுத்திராதீங்க. என்ட காட்டில போடுவம். நீங்க எனக்குக் கையில தாங்க, காணும்."

கேட்க உதவி மாதிரித்தான் இருக்கும். கடையில் 10 வீதக் கழிவு, அத்தான் காட் வைத்திருக்கிற வங்கியின் கடனட்டைக்கு மட்டும், இந்த மாதக் கடைசி வரைக்கும். 150,000 ரூபா ஃபிரிஜ் 135,000க்கு வருகிறது. சந்தோசம்தானே. ஃபிரிஜ் வீட்டுக்கு வந்து, ஆட்டோக்காரன் போய், தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அத்தான் கையை நீட்டுவார். எவ்வளவு? 150,000.

"135 தானே அத்தான் வெட்டினவங்க?"

"அது காட்டுக்கு வெட்டினது மச்சான். நீங்க காசு குடுத்திருந்தா எவ்வளவு குடுத்திருப்பீங்க? 150. அப்ப உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லயே. கழிவு என்ட காட்டுக்குத் தந்தது."

இந்த வாதத்தை உடைக்க எங்கள் ஊர் வந்தாறுமூலையில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. கம்பஸில் பொருளியல் படிப்பிக்கிற ஒருவரிடமே கேட்டுப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, அத்தானிடம் இன்னும் எத்தனை காட் இருக்கிறது என்று திரும்பக் கேட்டார்.

நியாயம் ஒரு பக்கம்தான் ஓடும் என்பது ஏறாவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போன அன்று விளங்கியது. அங்கே கழிவு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல், "காட் எண்டா மூண்டு வீதம் கூட வரும் சேர்" என்றார் கடைக்காரர். காட் மெசினுக்கு வங்கி கடைக்காரரிடம் எடுக்கிற தரகை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது, மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது என்று அத்தான் கால் மணித்தியாலம் சட்டம் பேசினார். கடைக்காரர் கல்குலேட்டரைத் துடைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அந்த மூன்று வீதத்தையும் சேர்த்தே காட் உரஞ்சியது. அப்படியானால் அந்த மூன்று வீதம் யாருடையது? காட்டுக்கு வந்த செலவாச்சே, அது அத்தானுடையதுதானே? இல்லை. "அது சாமானுக்கு வந்த செலவு மச்சான்." கழிவு காட்டோடு போகும், கூலி சாமானோடு வரும். மூன்று வீதம் நான் கட்ட, 100 ரூபாவுக்கு ஒரு பொயிண்ட் அவருக்கு.

காட்டுகளை அவர் மணிபர்சில் வைப்பதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்னப் பொலித்தீன் உறை, அதைச் சுற்றி றப்பர் வளையம். ஒவ்வொரு காட்டின் முதுகிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, நீலப் பேனையால் ஒரு இலக்கம் எழுதியிருக்கும். 3, 15, 22. அவை அந்தந்தக் காட்டுக்குப் பில் முடிகிற திகதிகள். 15ஆம் திகதிக் காட்டில் 14ஆம் திகதி சாமான் வாங்கினால் மூன்று கிழமையில் காசு கட்ட வேண்டும். 16ஆம் திகதி வாங்கினால் அடுத்த பில்லுக்குப் போய், கட்ட ஐம்பது நாள் கிடைக்கும். வங்கியின் காசு, வட்டி இல்லை, ஐம்பது நாள். அத்தானின் வீட்டுப் பஞ்சாங்கம் இதுதான். அக்காவுக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னது ஒரு 12ஆம் திகதி. "நாலு நாள் பொறு" என்றார். அந்த நாலு நாளும் அக்கா சீனியையும் உப்பையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சமைத்தா.

பெரியப்பா மோசம் போனது 14ஆம் திகதி பின்னேரம். அத்தானுக்கு அவர் மீது உண்மையான பாசம், குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடித்து முகம் கழுவி, பெட்டி எடுக்க எங்களோடு வந்தார். மலர்ச்சாலைக்காரர் தேக்குப் பெட்டியின் மூடியைத் திறந்து வேலைப்பாட்டைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அத்தான் மெல்லிய குரலில், மரியாதையாகத்தான் கேட்டார்: "காட் மெசின் இருக்கா?" அந்த மனுசன் தொழிலில் எத்தனையோ பார்த்திருப்பார். இதைப் பார்த்திருக்க மாட்டார். மூடியைப் பிடித்தபடியே நின்றார். இல்லை என்று தெரிந்ததும் அத்தானின் முகம் ஆறுதலடைந்தது போலக் கூட எனக்குப் பட்டது. காரணம் இரவு பந்தலுக்குக் கீழ் இருக்கும்போது வெளிவந்தது. "இருந்திருந்தாலும் 15க்குள்ள விழுந்திருக்கும் மச்சான். மனுசன் இன்னும் ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சிருக்கலாம்." முப்பத்தோராம் நாள் சாமான்களை மட்டும் விடவில்லை. மரக்கறியிலிருந்து வாழையிலைக்குப் பதிலாக வாங்கிய தாள் வரைக்கும் அவர் காட்டில்தான் போனது.

மெசின் இருக்கிற கடையிலும் நிம்மதி இல்லை. எங்கள் பக்கம் மெசினுக்குச் சிக்னல் கிடைப்பது முருகன் அருள். கடைப் பொடியன் மெசினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவான். வாசலில் இல்லை என்றால் றோட்டுக்கு. வாழைச்சேனை பஸ் ஹோன் அடிக்க, பொடியன் மெசினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அத்தான் எட்டி எட்டி இரகசிய இலக்கம் அமத்துவார். நாலு இலக்கத்தையும் மற்றப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கள் ஒருமித்துச் சொல்லக்கூடிய அளவுக்கு அது பகிரங்கம். உள்ளே வரிசையில் நிற்கிறவர்கள் தயிர்ச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவழியாகச் சிலிப் வரும். அந்தச் சிலிப்பின் எழுத்து நாள் போக அழிந்துவிடும் என்பதால், கம்பஸ் வாசலுக்கு முன்னால் உள்ள கடையில் நிறுத்தி அதைப் போட்டோக் கொப்பி எடுப்பார். அந்தக் காசும் என்னிடம்தான்.

மற்றப் பழக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் விடியும். சனி ஞாயிறில் ஃபுட் சிற்றியில் மரக்கறி, மீனுக்கு 25 வீதம் என்று பிள்ளைகுட்டிகளோடு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுவார். வாவி இறாலும் நண்டும் துடிக்கத் துடிக்க மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுப் படலைக்கே வந்து கூவிவிட்டுப் போகும். அதற்குக் கழிவு இல்லையே. பாசிக்குடா ஹோட்டலில் அரை விலை என்று போய் ஒரு இரவு தங்கினார்கள். டிசம்பர் மாதம், மாரி மழை. அரை விலைக்குக் கண்ணாடிக்குள்ளால் கடல் பார்த்தார்கள். ஊரில் மற்றவர்கள் சித்திரை விடுமுறைக்குச் சோற்றுப் பார்சலோடு போய் அதே கடலில் சும்மா குளித்துவிட்டு வருகிற இடம் அது. விமான நிலைய லவுஞ்சுக்குள் போகலாம் என்று ஒரு காட் வைத்திருக்கிறார். கட்டாருக்குப் போன மருமகனை வழியனுப்பக் கட்டுநாயக்கா போன அன்று அந்தக் காட்டோடு உள்ளே போகப் பார்த்தார். பயணச் சீட்டு உள்ளவர்தான் போகலாம் என்று மறித்துவிட்டார்கள். இன்னமும் அதைப் பற்றிய மனவருத்தம் உண்டு.

இரவில் இந்தியக் காட் வீடியோக்கள். அவருக்கு அங்கே கணக்கும் இல்லை, முகவரியும் இல்லை. ஆனால் ஸ்டேட் பேங்கின் கேஷ்பேக் காட்டில் இணையத்தில் வாங்கினால் 5 வீதம், அமேசன் பே ஐசிஐசிஐ காட்டில் பிரைம் ஆட்களுக்கு 5 வீதம், அதுவும் பொயிண்ட்ஸாக இல்லாமல் காசு மாதிரியே திரும்ப வரும் என்று பாடமாக்கி வைத்திருக்கிறார். "காசாவே வருது மச்சான், காசாவே" என்று சொல்லும்போது அவர் குரலில் வருகிற ஏக்கம் ஊர்க் கோயில் தேர் பார்க்கக் கிடைக்காத வெளிநாட்டுக்காரருக்குத்தான் வரும்.

குறை மட்டும் சொன்னால் பாவம். காட் வைத்திருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருக்குக் கேட்காமலே வருடக் கட்டணம் வெட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கனடாவில், அவவுக்கு அந்தப் பேப்பர் வாசிக்கவே பயம். அத்தான் போனை எடுத்து, ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று சொன்னதெல்லாம் அமத்தி, அரை மணித்தியாலம் வங்கியின் பாட்டுக் கேட்டு, பேசிப் பேசி அதைத் திருப்பி எடுத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. ஊரில் யாருடைய பில் வந்தாலும் வரி வரியாக வாசித்து, வெட்டக் கூடாததை வெட்டியிருந்தால் பிடித்துவிடுவார். என் ஃபிரிஜ்ஜில் அடித்த 15,000க்குக் கூட, அடுத்த கிழமை ஒரு பெரிய சட்டி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, "புது ஃபிரிஜ்ஜுக்குள்ள வைங்க மாமி" என்றார். அம்மாவுக்கு அவரைப் போல மருமகன் உலகத்தில் இல்லை.

இவ்வளவு ஆட்டத்துக்கும் அத்தான் ஒரு சதம் வட்டி கட்டியவர் இல்லை. 2020இல் கடனட்டை வட்டிக்கு 18 வீதம்தான் உச்சம் என்று மத்திய வங்கி கட்டியபோதும் கட்டவில்லை. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டி, கடனட்டை வட்டி 36 வரைக்கும் ஏறி, பிறகு 2023இல் 28க்கு இறங்கியபோதும் கட்டவில்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் முழுக் காசும் போய்விடும். "வட்டி கட்டுறவன் மடையன் மச்சான்." அப்படியானால் வங்கி எங்கிருந்து உங்களுக்கு 25 வீதம் தருகிறது என்று கேட்டேன். ஒளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடைக்காரன்ட தரகு கொஞ்சம். மிச்சம் அந்த மடையன்கள்ட வட்டி."

அந்த மடையன்களில் ஒருவன் என் தம்பி.

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான கம்பஸ் எங்கள் ஊருக்கு எத்தனையோ நல்லது செய்தது. அதில் ஒன்று மாதம் தவறாத சம்பளச் சிட்டை. வங்கிக்காரருக்கு அந்தச் சிட்டைதான் தேவை. தம்பி அங்கே சிற்றூழியன். அவனுக்குக் காட் எடுத்துக் கொடுத்தது அத்தான். ஆளைச் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கு மேலதிகப் பொயிண்ட்ஸ் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அத்தானுக்கு இருக்கிற கணக்குப் புத்தி தம்பிக்கு இல்லை, அத்தானுக்கு இருக்கிற மாதிரி மச்சான்மாரின் கைக்காசும் வந்து சேருவதில்லை. இப்போது 180,000 நிற்கிறது. வருடத்துக்கு 28 வீதமென்றால் மாதம் 4,200 வட்டி. ஆகக் குறைந்த தொகை என்று அவர்கள் கேட்கிற 9,000ஐத் தவறாமல் கட்டுகிறான். கட்டின பிறகு மாதக் கடைசிக்குக் கையில் காசில்லை. அரிசியும் பால்மாவும் திரும்ப அதே காட்டில். அந்தப் புதுச் சாமானுக்கு ஐம்பது நாளும் இல்லை, ஐந்து நாளும் இல்லை. பழைய கடன் நிற்கிறவனுக்கு வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவருக்கு எல்லாக் காட்டின் பில் திகதியும் மனப்பாடம்.

எனக்குக் கோபம்தான். இதைப் பகிடியாக எழுதத் தொடங்கினேன், இந்த இடத்தில் பகிடி வரவில்லை. தேங்காய்க்குக் காட் தேடுகிற ஒரு மனுசன் ஊருக்குள் இருக்கலாம். ஆனால் 25 வீதம் என்று அவர் கொண்டுவருகிற கரட்டில் ஒரு துண்டு என் தம்பியின் சம்பளம். இதை அவர் வீட்டுக்கே போய், அக்காவுக்கு முன்னால், சிரிக்காமல் சொன்னேன்.

அத்தான் பதில் பேசவில்லை. தம்பியின் பில்லை வாங்கி விளக்குக்குக் கீழ் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். முகம் கறுத்துவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கொப்பியும் பேனையும் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கூட்டினார், கழித்தார், வெட்டினார், திரும்ப எழுதினார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததும் தெரியவில்லை அவருக்கு. அரை மணித்தியாலம் போய்த் தலையை நிமிர்த்தும்போது கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"இதுக்கு ஒரு வழி கிடக்கு மச்சான். இந்தக் கடனை அப்பிடியே தூக்கி வேற பேங்கில போட்டு, வட்டி குறைச்சு மாதத் தவணையா மாத்தலாம். அதுக்கு அந்தப் பேங்கில சின்ன மச்சானுக்கு ஒரு காட் எடுக்க வேணும். நான் சேர்த்து விடுறன். அடையாள அட்டைக் கொப்பியும் கடைசி மூண்டு மாதச் சம்பளச் சிட்டையும் நாளைக்கே தரச் சொல்லுங்க. மறுகா, 15க்கு முதல் தந்தா நல்லம்."