ஒருத்தருக்கும் இல்லீங்க

எத்தனை பேருக்கு வலிப்பு, எத்தனை பேருக்குப் பக்கவாதம், எத்தனை பேருக்குக் கைநடுக்கம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் சர்வே வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தேன். கூச்ச சுபாவம், மறதி, நாய் பயம் மூன்றும் உள்ளவன் பார்க்கக்கூடாத வேலை.

"உங்க வீட்ல யாருக்காச்சும் வலிப்பு வருமா?" என்று வாசலில் நின்றபடி, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி கேட்பேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் என்ன பதில் வரும்? "ஒருத்தருக்கும் இல்லீங்க." நானும் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு நகர்வேன். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போனபோது, அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை அட்டை, பாதி காலியாகி இருந்தது. நான் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். "சத்து மாத்திரைங்க" என்று சொம்பை நீட்டினார். தலையாட்டிக்கொண்டே தண்ணீரைக் குடித்தேன். டிக்கை மாற்றவில்லை.

இன்னொரு ஊரில் சாமியாடும் பெரியவர் ஒருவரை வலிப்புக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எங்கள் பட்டியலில் இருப்பவர்களை அடுத்த கட்டமாக நரம்பியல் டாக்டர் நேரில் வந்து பரிசோதிப்பார். வந்தார். பெரியவரைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு கிளம்பினார். ஜீப்பில் என்னோடு பேசவில்லை.

பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும் என்பது விதி. நாய் இருந்த வீடுகளையும் பூட்டிய கணக்கில் சேர்த்தேன். அதோடு விட்டேனா, அங்கெல்லாம் 'நோயாளி இல்லை' என்றும் எழுதினேன். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். பார்க்காத ஆட்களையும் மொத்தத்தில் சேர்த்தால் வகுக்கும் எண் ஏறி, நோய் விகிதம் தானாக இறங்கிவிடுமாம்.

இதே வேலையை ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் கௌரி தேவி தலைமையில் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1,02,557 பேரை வீட்டுக்கே போய்க் கணக்கெடுத்தார்கள். வலிப்பு நோய் நகரத்தில் 1000 பேருக்கு 5.7, கிராமத்தில் 11.9. கிராமத்தில் இரு மடங்கு! அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் யாரோ, அவர்கள் மேல் எனக்கு இன்றும் பொறாமை. என் ஏரியாவை மட்டும் நம்பியிருந்தால் இந்தியாவில் வலிப்பு என்றைக்கோ ஒழிந்திருக்கும்.

தலைவலியும் இந்த நரம்பு நோய்க் கணக்கில்தான் வரும். 2019இல் இந்தியாவில் 48.8 கோடிப் பேருக்குத் தலைவலி நோய் என்று ஒரு மதிப்பீடு. பயிற்சிக்காக அவரவர் வீட்டில் ஒரு படிவம் நிரப்பி வரச் சொல்லியிருந்தார்கள். அன்று என் மனைவி விளக்கை அணைத்து, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். தொந்தரவு செய்ய வேண்டாமே என்று ஹாலில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். பக்கவாதம் இல்லை, வலிப்பு இல்லை, தலைவலி இல்லை.

மறுநாள் படிவத்தை அவள் எடுத்துப் படித்தாள்.

"சும்மா ஒத்திகைக்குத்தான்" என்றேன்.

"அசல்ல மட்டும் கிழிச்சிடுவீங்களாக்கும்" என்றாள்.