எங்களை ஒருபோதும் மறக்காத அரசுகள்

இந்திய அரசின் கவனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாடு அது. அந்த நாட்டில், திருச்சியின் ஒரு சின்னத் தெருவில், ஒரு மாடி அறையில், எழுபது வயது தாண்டிய கிழவி ஒருத்தர் இரவு வந்து பாய் விரித்துப் படுத்தால், அந்தச் செய்தி 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பது ஓட்டலானாலும் சரி, குடும்பம் இருக்கிற வீடானாலும் சரி, ‘சி படிவம்’ என்று வழக்கத்தில் சொல்லும் ஒன்றை இணையத்தில் நிரப்பிப் பதிய வேண்டும். கடவுச்சீட்டு எண், விசா எண், வந்த நாள், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போவார், முகம் தெளிவாகத் தெரியும் படம், எல்லாம் வேண்டும். 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு. பழைய சட்டங்களெல்லாம் 2025 செப்டம்பர் 1 முதல் ஒரே புதிய சட்டமாகிவிட்டன. கவனம் மட்டும் குறையவில்லை.

அந்தக் கிழவி என் அம்மாயி, அம்மாவின் அம்மா. இலங்கையின் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்தெடுத்து, அதே லயத்தில் ஓய்ந்திருப்பவர். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறிப் போனவர். துறையூர் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. நான் இந்திய அரசின் புலமைப்பரிசிலில் படிக்கிற கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஏறினால், போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். பேத்தி படிக்கிற ஊரைப் பார்க்கவும், தாத்தாவின் மண்ணை ஒருமுறை மிதிக்கவும், நீலகிரியில் இருக்கிற அண்ணனின் முகத்தைக் காணவும் அம்மாயி என் அம்மாவோடு வந்தார்.

இலங்கை அரசின் கவனமும் இளைத்ததல்ல. அம்மாயிக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனபோதுதான் அது முழுதாக விளங்கியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் கணக்கில் பாதிப் பெயர். மூன்றும் ஓராள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தின் அந்த டிவிசனில் அவரைத் தெரியாத ஆளில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்தால் போதாது, தாளுக்கும் தெரிய வேண்டும். கிராம சேவகரின் கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீசின் கடிதமும் வந்தது, ஏனென்றால் லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது, தபால் ஆபீசுக்குத்தான் வரும். பிறகு பசறை, பதுளை, இரவு பஸ், விடியலில் பத்தரமுல்லை. 2024இல் அங்கே கடவுச்சீட்டுக்காகச் சனங்கள் இரவெல்லாம் வரிசையில் கிடந்ததை நாடே பார்த்தது. அம்மா இந்த அலைச்சலில் போன நாளுக்கெல்லாம் பேர் விழவில்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமில்லை. 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாயும், 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபாயும் மலைக்குப் போன நாளுக்குத்தான். ஒரு தோட்டத் தொழிலாளி தன் மகளைப் பார்க்கப் போவதை இவ்வளவு பெரிய காரியமாக மதித்து, இத்தனை மேசைகள் வைத்து வழியனுப்பும் நாட்டை நான் எப்படிக் குறை சொல்வேன்? விமானச் சீட்டுக்கு அம்மாவின் தோடு பசறை அடகுக் கடைக்குப் போனது. அது எங்கள் வீட்டு விஷயம்.

இந்திய விசாப் படிவத்தை நான்தான் இங்கிருந்து நிரப்பினேன். அதன் நேர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து இலங்கையருக்கு அது இணையத்திலேயே கிடைக்கிறது. குடியுரிமை பிறப்பால் கிடைத்ததா, பின்னால் பெற்றதா என்று அதில் ஒரு கேள்வி. நான் போனில் கேட்டேன்.

“ஏ புள்ள, நான் எங்க பொறந்தேன்னு ஒனக்குத் தெரியாதா? இந்தக் காம்பராவுலதான்” என்றார் அம்மாயி.

பிறந்தது உண்மை. ஆனால் 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஆழமாகச் சிந்தித்து எழுதப்பட்டது. மண்ணில் பிறந்தாயா என்று மட்டும் கேட்டு அது திருப்திப்படவில்லை. உன் அப்பன் எங்கே பிறந்தான், அவனுடைய அப்பன் எங்கே பிறந்தான் என்று தலைமுறை தலைமுறையாகத் தேடிப் போனது. அப்படித் தேடியதில் அம்மாயியின் அப்பா, மடுல்சீமையில் பிறந்தும், எந்த நாட்டுக்கும் ஆகாதவரானார். அம்மாயியும் பிறந்தது முதல் நாடில்லாதவர். நாற்பதை நெருங்கியபோது, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால், தான் பிறந்த நாட்டின் பிரஜையானார். இதைப் பிறப்பு என்று போடுவதா, பின்னால் பெற்றது என்று போடுவதா? அடுத்த கட்டம் இன்னும் கூர்மை: தகப்பனாரின் நாடு எது? ஏதாவது ஒரு நாட்டைத் தேர்ந்தே ஆக வேண்டும், காலியாக விட முடியாது. 1948இல் இலங்கை கொடுக்க மறந்ததை, டெல்லி கணக்கில் சேர்க்க விரும்பாததை, ஒரு கணினிப் படிவம் ஒரே சொடுக்கில் கொடுக்கச் சொல்லிவிட்டது. நான் இலங்கையைத் தேர்ந்தேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்காத குடியுரிமையை அந்த இரவில் நான் கொடுத்தேன்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024இல் திறந்தது. கோயில் கோபுரச் சாயலில் அழகாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் அம்மாயி நேராக ‘இந்தியர்’ என்று பலகை வைத்த வரிசையில் போய் நின்றுகொண்டாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் அவர் தவறு என்ன? எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் தகப்பனின் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. இலங்கையின் குடிசன மதிப்பீட்டிலும் எங்களை நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். எழுபது வருடம் காகிதத்தில் வாசித்துக் காட்டியதை அவர் நம்பியிருந்தார். “பாட்டி, நீங்க அந்தப் பக்கம்” என்று ஒரு பையன் மரியாதையாகக் கைபிடித்து வெளிநாட்டவர் வரிசைக்குக் கூட்டிப் போனானாம். மரியாதையில் குறையே இல்லை.

விடுதியில் விருந்தாளிகளைத் தங்க வைக்க முடியாது. வெளியே அறை தேடினேன். இலங்கை என்றதும் பலர் போலீஸ், விசாரணை என்று தயங்கினார்கள். கடைசியில் ஒருவர் மாடி அறையைத் தந்தார். நல்ல மனிதர். படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவர் அம்மாயியிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இவங்க பேசுறது எங்க அப்பத்தா பேசுற மாதிரியே இருக்கு. இவங்களுக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் அம்மாயியைச் சுவரோரமாக நிற்க வைத்து, முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி, போனில் படம் எடுத்தார். முதல் படத்தில் அம்மாயி சிரித்துவிட்டார். அதனால் மறுபடியும் எடுத்தார்.

தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளில் ஒரு பொட்டலத்தை அம்மாயி பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தார். அதை எங்கேயும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்த மலையில் பிறந்தது, அதன் தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளெல்லாம் தேயிலைக்குக் கிடையாது. அதைப் பறித்த கைக்கு மட்டும் உண்டு. மறுநாள் காலை வீட்டுக்காரருக்கும் அந்தத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கூடவே ரொட்டியும் கட்டச் சம்பலும்.

இரண்டு அரசுகளின் கவனமும் ஒரே மேசையில் சந்தித்த நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1964 அக்டோபர் 30, டெல்லி. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும். நாடில்லாத 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அதையும் பார்த்தார்கள்: ஆளுக்கு 75,000. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதுகூட இவ்வளவு சமமாகப் பிரிவதில்லை. வில்லங்கம் வராமல், வாய்த்தர்க்கம் இல்லாமல் முடித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லும் சிரமத்தைக்கூடக் கொடுக்கவில்லை. எண்களெல்லாம் முழு எண்களாக அமைந்தன. குடும்பங்கள்தாம் அப்படி அமையவில்லை.

அம்மாயியின் அண்ணன் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்தார். அம்மாயி அதற்குள் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். அவருடைய கணவர் எந்தப் பக்கமும் எழுதிக் கொடுக்கவில்லை. பதுளை ஸ்டேசனில் அண்ணனை அனுப்பிவைத்தார்கள். அந்த ரயிலுக்கு மலையில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அதைப் பற்றி அம்மாயி அதிகம் பேச மாட்டார். “கோச்சி போயிருச்சு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், பிறகு பந்தலூர்ப் பக்கம். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். மடுல்சீமையில் தெரிந்த அதே வேலை, அதே கூடை, வேலை இருக்கும்வரை வீடு என்ற அதே ஏற்பாடு. பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்ற பரிவை நான் மதிக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று 2022இல் அங்கே நோட்டீஸ் போனது. அதே ஆண்டு 2,152 ஹெக்டேர் தோட்ட நிலத்தை வனத்துறைக்குக் கொடுக்க அரசு முடிவு செய்தது.

நாங்கள் நீலகிரிக்குப் போனபோது அம்மாயியின் அண்ணன், எனக்குத் தாத்தா, மகனோடு இருந்தார். தங்கச்சியும் அண்ணனும் கட்டிப்பிடித்து அழவில்லை. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, லயத்தில் யார் யார் செத்துப் போனார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். முதல் காம்பராவில் தொடங்கிக் கடைசிக் காம்பரா வரைக்கும் போனார்கள். இடையில் ஒரு பெயரில் தாத்தா நிறுத்திவிட்டார், அவருடைய சேக்காளி. அதற்குள் அவர் மகனுக்கு, என் மாமாவுக்கு, பதற்றம். திருச்சி வீட்டுக்காரர் பதிந்தது திருச்சிக்குத்தான். இங்கே வேறு வீடு, வேறு மாவட்டம், மறுபடியும் 24 மணி நேரம். மாமா மழையில் கடைத்தெருவுக்குப் போய், இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, சொந்த அத்தையை வெளிநாட்டவராகப் பதிந்துவிட்டு வந்தார். இடம் கொடுப்பவர் பெயர் என்று கேட்டதற்குத் தாத்தாவின் பெயரைக் கொடுத்தார். ஒரே தாய் வயிற்றில், ஒரே லயத்தில் பிறந்த இருவரில் ஒருவர் வெளிநாட்டவர், மற்றவர் அவருக்கு இடம் கொடுத்தவர். இதை ஒரு தாளில், எழுத்துப் பிழை இல்லாமல், ஒப்புகைச் சீட்டோடு எழுதி வாங்கும் திறமை இந்த இரண்டு அரசுகளுக்கல்லாமல் வேறு யாருக்கு வரும்?

எங்கள் மேல் இந்தியாவுக்கு அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி, முன்பு அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் மலையகத்தில் கட்டித் தருவதாகச் சொன்னார். என் படிப்புக்கும் அவர்கள் பணம்தான். அந்த மலையிலேயே இருந்தால் எங்களுக்கு வீடு உண்டு. இந்தப் பக்கம் வந்தால் 24 மணி நேரம் உண்டு. இலங்கைக்கும் அன்பு உண்டு. எங்கள் கொழுந்தை அது ஒருநாளும் அந்நியமாக நினைத்ததில்லை.

இப்போது தாத்தாவுக்கு மடுல்சீமைக்கு வர ஆசை வந்திருக்கிறது. எண்பதைத் தாண்டிவிட்டார், தள்ளிப்போட முடியாது. மாமா அவருக்குக் கடவுச்சீட்டு எடுக்க ஓடிக்கொண்டிருக்கிறார். இலங்கை அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வேலை மறுபடியும் எனக்கு. பிறந்த நாடு: இலங்கை. வருகையின் நோக்கம்: சுற்றுலா. முப்பது நாள் கிடைக்கும். தங்கும் முகவரி என்ற இடத்தில் அவர் பிறந்த லயத்தின் இலக்கத்தைப் போட்டால் எடுபடாது என்பதால், தோட்டத்து ஆபீசின் முகவரியைக் கேட்டு அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.