ஹாண்டில் சுற்றியல்: ஒரு குடாநாட்டு ஆய்வு

பாயிரம்

ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் விதி. அந்தக் கடனை முதலிலேயே தீர்த்துவிடலாம். நூற்பெயர் மேலே இருக்கிறது. நுதலிய பொருள், ரேசிங் சைக்கிளின் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டிலில் நாடா சுற்றும் முறைகள். எல்லை, வடக்கே பருத்தித்துறை முனை, தெற்கே பண்ணைக் கடல். வழி, சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்தல். யாப்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சுருள். கேட்போர், விரல் விறைத்தவர். பயன், விறைப்பு நீங்குதல். எட்டாவதாகிய ஆக்கியோன் பெயர் இங்கே விடப்படுகிறது. நாடா அவிழ்ந்தவர்கள் வீடு தேடி வரும் வழக்கம் உண்டு.

பயன் என்று சொன்னது விளையாட்டல்ல. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு கொடுக்கும் அல்நார் நரம்பு, மணிக்கட்டருகே ஒரு குறுகிய வழியால் உள்ளங்கைக்குள் நுழைகிறது. ஹாண்டிலில் நெடுநேரம் சாய்ந்தால் அந்த இடம் நசுங்கும். விரல்கள் மரத்துப்போகும். மருத்துவ நூல்களில் சைக்கிளோட்டிகளின் பெயராலேயே இதற்கு ஒரு வாதம் உண்டு. நாடா அழகுக்கு மட்டும் சுற்றப்படுவதில்லை.

ஆய்வுக் களம்

யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ராலி, ஹம்பர், பின்னர் வந்த லுமாலா ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் ஹாண்டில் முனைகளில் ரப்பர்ப் பிடி செருகியிருக்கும். ஓட்டுகிறவர் நிமிர்ந்து இருப்பார். குடாநாடு தட்டையான நிலம். ஆனால் மலை இல்லாத ஊரில் ஏற்றத்தின் வேலையைக் காற்றுப் பார்க்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வல்லை வெளியால் மிதித்து வந்தவரிடம் கேட்டால் தெரியும். வீடும் இல்லை, வேலியும் இல்லை. எதிர்க்காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்க வேண்டும். அங்கேதான் குனிந்து பிடிக்கும் ஹாண்டிலின் நியாயம் விளங்குகிறது.

இந்தத் துறைக்கு முன்னோடி ஒருவர் வேண்டுமென்றால் வல்வெட்டித்துறை கொடுக்கும். 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓடிக் கின்னஸில் ஏறினார். ஏழு நாளும் பத்தொன்பதரை மணித்தியாலமும் ஒரே ஹாண்டில், ஒரே உள்ளங்கை. கின்னஸ் பதிவில் நிமிடம்வரை கணக்கு இருக்கிறது. அந்த ஹாண்டிலில் என்ன சுற்றியிருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. உலகம் எதைக் குறித்துக்கொள்கிறது என்பதில் சுற்றியலாளருக்கு உள்ள மனவருத்தம் இங்கே தொடங்குகிறது.

பரபக்கம்

சிவஞான சித்தியார் பிறர் மதத்தை முதலில் சொல்லி மறுத்துவிட்டே தன் மதத்துக்கு வரும். அந்த முறையே இங்கும்.

மேலிருந்து சுற்றுவோர் ஹாண்டிலின் நடுவருகே தொடங்கி, பிரேக் பிடியைக் கடந்து, வளைவில் இறங்கி, குழாயின் முனையில் முடிப்பார்கள். மிஞ்சிய நாடாவைக் குழாய்க்குள் திணித்து மூடியை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. கடைசி நுனியைப் பிடித்து நிறுத்த ஒட்டு ரேப் தேவையில்லை. பார்வைக்கும் துப்புரவு.

மறுப்பு எளிது. இந்த முறையில் ஒவ்வொரு சுற்றின் திறந்த விளிம்பும் மேலே பார்த்திருக்கும். ஓட்டுகிறவரின் கையோ கீழ்நோக்கி அழுத்தும். கை அழுத்த அழுத்த விளிம்பு உருண்டு, சுருண்டு, சில மாதத்தில் பழைய புத்தகத்தின் தாள்முனைபோல ஆகிவிடும். வியர்வையும் தூசியும் அந்த இடுக்கில் குடியேறும்.

சுபக்கம்

கீழிருந்து சுற்றுவோர் குழாயின் முனையில் தொடங்கி மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு மேற்சுற்றும் கீழ்ச்சுற்றின் விளிம்பை மூடும். கை அழுத்தினால் நாடா இறுகுமேயன்றி உரியாது. கடைசி நுனி ஹாண்டிலின் நடுவருகே எல்லார் கண்ணிலும் படும்படி முடிவதால் அதை ஒட்டு ரேப்பால் கட்ட வேண்டும் என்பதே இதன் ஒரே குறை.

யாழ்ப்பாணத்தில் இதற்கு விவாதமே தேவைப்பட்டிருக்கக் கூடாது. கிடுகு வேய்கிறவர் தாழ்வாரத்தில் முதல் வரிசையை வைத்து முகட்டை நோக்கித்தான் ஏறுகிறார். மேல் வரிசை கீழ் வரிசையை மூடினால்தான் மாரி மழை வீட்டுக்குள் இறங்காது. உலகத்து ஓட்டப்பந்தயக்காரர் இன்னும் பிரிந்து நிற்கும் கேள்விக்கு இங்கே ஓலையால் விடை எழுதியாயிற்று.

திசைப் படலம்

ஏறும் ஒழுங்கு தீர்ந்தாலும், வலமா இடமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கீழ் வளைவைப் பிடித்து மிதிக்கும்போது கைகள் வெளிப்பக்கம் முறுக்கும். ஆகவே பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் மணிக்கூட்டுத் திசையிலும், இடப்பக்கம் அதற்கு எதிராகவும் சுற்ற வேண்டும். ஆனால் ஹாண்டிலின் மேற்பகுதியில் கை தன்னை நோக்கி இழுக்கும். அதே சுற்று திசை மாறாமல் மேலே போனால், அங்கே நாடா முன்னோக்கி ஓடிக் கைக்கு எதிராக நிற்கும். இந்த முரணைத் தீர்க்க ஒரு சாரார் பிரேக் பிடியில் எட்டுப் போட்டு அங்கேயே திசையைத் திருப்புகிறார்கள். இன்னொரு சாரார் தொடக்கத்திலேயே உட்பக்கமாகச் சுற்றி மேற்பகுதியைக் காப்பாற்றுகிறார்கள். எட்டுப் போடாதவர்கள் பிரேக் பிடியின் பின்னால் தெரியும் வெறுங்குழாயை ஒரு சிறு துண்டால் மூடிவிட்டு, அதைக் கோட்பாடு என்று அழைக்கிறார்கள்.

கணக்குப் படலம்

வளைந்த ஹாண்டிலின் குழாய் 23.8 மில்லிமீற்றர் விட்டம். சுற்றளவு ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றர். பெட்டியில் வரும் நாடா ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 மீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலம். இழுக்காமல் சுற்றினால் 26 சுற்று வரும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 2 சென்ரிமீற்றர் முன்னேறி 50ஐத் தாண்டலாம். பாதிக்குப் பாதி மூடினால் 39 சென்ரிமீற்றரில் நாடா முடிந்துவிடும். பக்கத்துக்கு 45 சென்ரிமீற்றர் மூட வேண்டிய ஹாண்டிலில் மிச்ச 6 சென்ரிமீற்றர் நிர்வாணம். கீழே தாராளமாகச் சுற்றியவருக்கு இந்த உண்மை உச்சியில்தான் தெரியவரும். அதற்குள் கடைக்காரர் பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார்.

பொருட் படலம்

முதலில் பருத்தி நாடா இருந்தது. பிரான்சின் வெலொக்ஸ் நிறுவனம் அதில் பேர்பெற்றது. அதன்மேல் அரக்குப் பூசி இறுக்கியவர்களும் உண்டு. பிறகு பளபளக்கும் பிளாஸ்ரிக் வந்தது. இத்தாலியச் சினெல்லி 1987இல் கோர்க் கலந்த மெத்தென்ற நாடாவைக் கொண்டுவந்தது. இன்று விற்கும் பல வகைகளும் அந்த மெத்தையின் வழிவந்தவை.

குடாநாட்டின் சொந்தப் பொருள் வேறு: பழைய ரியூபை நீளவாட்டில் கிழித்தெடுத்த ரப்பர்ப் பட்டி. கரியரில் விறகு கட்டியதும் அது, சிறுவர்களின் கெற்றப்போலுக்குப் போனதும் அது. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டபோது இந்த ஊரின் வண்டியும் மின்நிலையமும் சைக்கிள்தான். பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது, எத்தனையோ குடும்பங்களின் சாமான் சைக்கிளில் போனது: கரியரில் மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலின் இரு பக்கமும் பை. அன்று ஹாண்டில், பிடிப்பதற்கு இருந்ததைவிடத் தாங்குவதற்கே இருந்தது.

ரியூப் பட்டியை ஹாண்டிலில் சுற்றினால் நன்றாக இழுபடும், நனைந்த கையிலும் வழுக்காது, காசும் இல்லை. உள்ளங்கை கறுக்கும் என்பதால் வெள்ளைச் சட்டை போடும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் இது விலக்கு. எந்த நாடாவானாலும் உப்பு வியர்வை உள்ளே இறங்கி அலுமினியக் குழாயை அரிக்கும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் ஹாண்டில் உள்ளே பொடிந்துகொண்டிருக்கலாம். நாடாவை மாற்றும் நாளில் குழாயைத் துடைத்துப் பார்ப்பது அதனால்தான்.

புறனடை

விதிக்குள் அடங்காதவை மூன்று. ஒன்று, நடுவில் மணி பூட்டும் இடத்தையும் நாடா விழுங்கிவிடுவது. சந்தியில் ஆடு நிற்கும் ஊரில் இது சிறு பிரச்சினையல்ல. இரண்டு, முனை மூடி. அது விழுந்துபோனால் திறந்த குழாய், விழுகிறவரின் வயிற்றைக் குத்தும். எந்தப் பக்கத்தாரும் இதில் வேறுபடுவதில்லை. மூன்று, சான்று.

சான்றுக்காக ஒரு கள ஆய்வு முன்மொழியப்படுகிறது. ஒரே ஹாண்டிலில் இடப்பக்கம் மேலிருந்தும் வலப்பக்கம் கீழிருந்தும் சுற்றி, ஒரு சோளகக் காலம் முழுவதும் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிப் பார்க்க வேண்டும். போகும்போது காற்று முதுகில் இருக்கும்; அதற்கு ஆய்வாளர் கிடைப்பதில் சிரமம் இராது. முடிவைத் தருவது வல்லை வெளியில் எதிர்க்காற்றோடு திரும்பி வரும் பாதிதான். ஆகவே பஸ் கட்டணம் திட்டச் செலவில் சேர்க்கப்படவில்லை.