பதினொரு மடையும் ஒரு பேத்தியும்

பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்குச் சட்டம் எழுதற துரைமாரே, நான் காங்கேயத்துக்குப் பக்கத்துல பண்ணையம் பார்த்தவன். இப்ப நியூயார்க் சீமையில, ஹட்சன் ஆத்தோரத்துல, மகன் வீட்டுக்கு ஒறம்பரையா வந்து அஞ்சு மாசமாச்சு. ஒறம்பரைக்கு வந்தவன் தின்னமா, தூங்கினமான்னு இருக்கோணும். இருக்கலாம்னுதான் பார்த்தேன். வாய் சும்மா கெடக்க மாட்டீங்குது. அதனால உங்களுக்கு ரெண்டு யோசனை சொல்றனுங்க. காசு கீசு வேண்டாம், கேட்டுட்டுத் தலையை மட்டும் ஆட்டுனாப் போதும்.

என்ற பேத்தி பள்ளிக்கூடத்துல ஓடறா. எங்கூர்ல பொம்பளப்புள்ள ஓடுதுன்னா ஊரே சேர்ந்து தேடும். இங்க ஊரே சேர்ந்து கை தட்டுது. 'கிராஸ் கன்ட்ரி'ங்கறாங்க. காடு கரடுன்னு அஞ்சு கிலோமீட்டர் ஓடற ஓட்டம். நம்ம காட்டுக்குள்ள மாடு புகுந்துட்டா ஓடுவமே, அதேதான், மாடு மட்டும் கெடையாது.

நவம்பர் மாசம் பௌடன் பார்க்னு ஒரு இடத்துல இவங்க செக்‌ஷன் பந்தயம். நான் போர்வையப் போத்திட்டுப் போய் நின்னேன். அந்தத் தடத்துல ஒரு ஏத்தம் இருக்குது பாருங்க, சிவன்மலைப் படியே தேவலாம்னு இருக்கும். படியாவது ஒரு கணக்கா இருக்கும், இங்க வெறும் சேறு.

அங்கதான் மகன் கணக்குச் சொல்லிக் குடுத்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு 7 பேர் ஓடறது. மொதல்ல வர்ற 5 பேரோட எடத்தைக் கூட்டறது. மொதல் ஆளுக்கு 1 புள்ளி, பத்தாவது ஆளுக்கு 10. கூட்டிப் பார்த்தா எவங்கிட்டப் புள்ளி கம்மியோ அவன் கெலிச்சான். அட, நம்ம ரம்மி! ஆறாவதும் ஏழாவதும் வர்ற புள்ளைங்களுக்குப் புள்ளி கெடையாது. ஆனா எதிராளியோட அஞ்சாவது ஆளுக்கு முன்னாடி அதுங்க புகுந்துட்டா, அவனுக்கு ஒவ்வொரு புள்ளி ஏறிக்கும். தனக்கு ஒண்ணும் மிச்சமில்லாம பங்காளிக்கு நட்டம் பண்றதுக்கே ரெண்டு பேர். எங்க சொந்தத்துல இதுக்குன்னே நாலு பேர் இருக்கறாங்க, சம்பளமே கேக்க மாட்டாங்க.

இது வரைக்கும் எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. பந்தயம் முடிஞ்சதுக்கப்புறந்தான் வெவகாரம். ரெண்டாவது வந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏழும் ஒண்ணையொண்ணு கட்டிப் புடிச்சு அழுதுட்டிருந்துதுங்க. மொதல் பள்ளிக்கூடத்துக்கும் அதுங்களுக்கும் நாலஞ்சு புள்ளிதான் வித்தியாசம். "ஏண்டா, ரெண்டாவது வந்ததுக்கா இப்படி அழுகுதுங்க?"ன்னேன். "மாநிலப் பந்தயத்துக்கு ஒரு செக்‌ஷன்ல இருந்து ஒரு வகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடந்தானுங்கப்பா போகும். ரெண்டாவது வந்தா ஊட்டுக்கு"ன்னான்.

சரி, இந்த செக்‌ஷன்னா என்னன்னு விசாரிச்சேன். நியூயார்க் மாநகரத்தை விட்டுட்டு மிச்ச மாநிலத்தை 11 பங்காப் பிரிச்சு வெச்சிருக்கீங்க. நியூயார்க் நகரத்தை ஒட்டுன வடக்கு ஒண்ணாவது. சிரக்யூஸ் பக்கம் மூணாவது. லாங் ஐலேண்டுல எட்டாவதும் பதினொண்ணாவதும். கனடா எல்லைக்கிட்ட, செயின்ட் லாரன்ஸ் ஆத்தோரம் பத்தாவது. பள்ளிக்கூடத்தைத் தலை எண்ணி A, B, C, D-ன்னு நாலு வகுப்பு. பெரிசோட பெரிசு மோதட்டும், சிறிசோட சிறிசு மோதட்டும்னு. அதுல ஞாயம் இருக்குது. ரேக்ளாவுல கூட மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வகை பிரிப்போம்.

இங்கதான் துரைமாரே எனக்குச் சிரிப்பு வந்துது. பள்ளிக்கூடத்துல தலையை எண்ணறீங்க. செக்‌ஷனுக்குள்ள எத்தனை பள்ளிக்கூடம்னு எண்ணறதில்லை. ஒரு செக்‌ஷன்ல ஒரு வகுப்புக்கு ஏகப்பட்ட பள்ளிக்கூடம் முட்டி மோதுது. வடக்கால இருக்கற பத்தாவது செக்‌ஷன்ல அதே வகுப்புக்கு ஒண்ணோ ரெண்டோதான். ரெண்டுக்கும் சீட்டு ஒண்ணு. எங்க ஏரியில நூறு ஏக்கர் பாயற வாய்க்காலுக்கும் ஒரு மடை, பத்துக் குழி பாயற வாய்க்காலுக்கும் ஒரு மடைன்னு எவனாவது வெச்சிருந்தா, தண்ணி பாயறதுக்கு முன்னாடி மம்பட்டி பாஞ்சிருக்கும்.

அதுலயும் மூணாவது செக்‌ஷன்காரங்க பொழப்பை நெனைச்சுப் பாருங்க. அங்க ஃபேயட்வில்–மேன்லியஸ்னு ஒரு பள்ளிக்கூடம். அப்ப பில் ஏரிஸ்னு வாத்தியார். அந்தப் பொட்டப்புள்ளைங்க நாட்டுப் பந்தயத்துல, அதாவது நைக்கி நடத்தற பந்தயத்துல, 2006-ல இருந்து 2012 வரைக்கும் ஏழு வருசம் தொடர்ந்து கெலிச்சுதுங்க. 2013-ல விட்டுட்டு, 2014-ல இருந்து 2017 வரைக்கும் மறுக்கா நாலு. நாடு பூரா ஓடி ஜெயிக்கற பள்ளிக்கூடம் உங்க தெருவுலயே, உங்க வகுப்புலயே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? நாட்டுலயே மொதலாவது வர்றவனை ஜெயிச்சாத்தான் செக்‌ஷனைத் தாண்ட முடியும். பக்கத்து ஊட்டுல இளையராசா குடியிருக்கறப்ப ஊர் நோம்பியில பாட்டுப் போட்டி வெச்சாப்பல.

நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. "பெரியவரே, ஜெயிச்ச பள்ளிக்கூடத்துல இல்லாத நல்ல ஓட்டக்காரங்க அஞ்சு பேரைத் தனியாளாக் கூட்டிட்டுப் போறமே." ஆமாங்க, கூட்டிட்டுத்தான் போறீங்க. ரெண்டாவது வந்த பள்ளிக்கூடத்துல மூணு பேரு போறாங்க, நாலு பேரு போறதில்லை. அந்த மூணு பேர் ஓடுனாலும் அவங்க பள்ளிக்கூடத்துக்குப் புள்ளி இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சுட்டு, "நீங்க மட்டும் வந்தாப் போதும், சம்சாரத்தைக் கூட்டிட்டு வராதீங்க"ங்கற மாதிரி.

அதனால மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க: நீங்க நடத்தறது நோம்பியா, பந்தயமா? நோம்பின்னா எல்லா ஊருக்கும் ஒரு தேர் வரோணும், சரி. வடக்கால புள்ளைங்க மணிக்கணக்கா பஸ்ஸுல உக்கார்ந்து வருதுங்க. அதுங்களைத் தள்ளச் சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நம்மூர்ல கடைசித் தெருவுக்கும் சாமி போகத்தான் வேணும். ஆனா பந்தயம்னு பேர் வெச்சா, நல்லா ஓடறவன் தடத்துல இருக்கோணுமில்லீங்க? ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுட்டு ரெண்டும் இல்லாமப் பண்ணிப் போட்டீங்க.

மத்த சீமையிலயெல்லாம் என்ன பண்றாங்கன்னு பேத்தி கம்ப்யூட்டர்ல காட்டுனா. இண்டியானாவுல தலை எண்ணற சோலியே கெடையாதாம். பெரிய பள்ளிக்கூடம், சின்னப் பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் ஒரே ஓட்டம். அது கொஞ்சம் முரட்டு ஊர். கலிபோர்னியாவுல 10 செக்‌ஷன். 1987-ல இருந்து ஃப்ரெஸ்னோவுல ஒரு பூங்காவுல மாநிலப் பந்தயம். அங்க தெக்குச் செக்‌ஷன் ஒண்ணுலயே 500-க்கு மேல பள்ளிக்கூடம். அதனால அதுக்குச் சீட்டு நெறைய, சின்ன செக்‌ஷனுக்குக் கம்மி. வாய்க்காலுக்குத் தக்க மடை. அந்த ஊர்க்காரனும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கறான், அது வேற. பாகம் பிரிச்சா எவன் திருப்தியா எந்திரிச்சுப் போனான்?

நைக்கிக்காரன் கதை இன்னும் ருசி. பள்ளிக்கூடச் சங்கத்துக்காரங்க யாரும் நாட்டுப் பந்தயம் நடத்தறதில்லை. செருப்பு விக்கறவன் நடத்தறான். பள்ளிக்கூடம் தன்ற பேர்ல அங்க ஓடக் கூடாதாம். அதனால அதே புள்ளைங்க அதே வாத்தியாரோட ஒரு கிளப் பேரை மாட்டிட்டுப் போகுதுங்க. மாமியார் ஊட்டுக்குப் போகாதேன்னா மச்சினன் ஊட்டுக்குப் போறேன்னு கெளம்பற மாதிரி. 2004-ல மொத மொதல்ல நடத்துனது போர்ட்லாண்டுல ஒரு குதிரைப் பந்தய மைதானத்துல. சேத்துல புள்ளைங்க எருமையாட்ட ஆயிட்டுதுங்களாம். ஆனா அவன் போட்ட கணக்கு மோசமில்லீங்க. நாட்டை ஒம்பது பங்காப் பிரிச்சு, பங்குக்கு ரெண்டு, ஆக 18. அப்புறம் ஒரு குழு உக்கார்ந்து, "எவனாவது நல்லவன் விட்டுப் போச்சா?"ன்னு பார்த்து இன்னும் 4. மொத்தம் 22. காலேஜுலயும் அதே கதைதான்: 18 டீம் நேராப் போறது, 13 டீமைப் பொறுக்கி எடுக்கறது.

பொறுக்கற வேலை லேசுன்னு நெனைக்காதீங்க. எங்க பக்கம் ரேக்ளாவுல ஒரே தடத்துல ஒவ்வொரு வண்டியா விட்டுக் கடிகாரம் பார்ப்போம். தடம் ஒண்ணு, கடிகாரம் பேசும். இங்க தடமே ஊருக்கு ஒண்ணு. பிராங்ஸுல வான் கோர்ட்லண்ட் பார்க்குன்னு ஒரு எடத்துல பள்ளிக்கூடப் புள்ளைங்க ரெண்டரை மைல் ஓடுதுங்க. பௌடன்ல அஞ்சு கிலோமீட்டர், நான் சொன்ன அந்தச் சிவன்மலையோட. ஒரு வாரம் வெயிலு, ஒரு வாரம் மழை. அந்த ஊர் நேரத்தை இந்த ஊர் நேரத்தோட ஒப்பிடறது, ஈரோட்டு மஞ்சளையும் பொள்ளாச்சித் தேங்காயையும் ஒரே தராசுல வெச்சு எது ருசின்னு கேக்கறதாட்ட.

இதுக்கும் ஒருத்தர் வழி கண்டுபுடிச்சிருக்கறாரு. டல்லிங்கற ஊர்ப் பேர்ல இணையத் தளம் நடத்தற பில் மெய்லன். எந்தத் தடத்துல ஓடுனாலும் அதை ஒரே அளவுக்கு மாத்தி ஒரு எண் போடறாரு. ஒரு புள்ளி 3 நொடிக்குச் சமம். இந்த வித்தையை எங்கிருந்து எடுத்தாருங்கறீங்க? குதிரைப் பந்தயத்துல குதிரைக்குப் போடற கணக்குல இருந்து! மைதானமும் குதிரையோடது, கணக்கும் குதிரையோடது. என்ற பேத்திக்குப் புல்லுக்கட்டு மட்டுந்தான் பாக்கி.

சரி, யோசனைக்கு வர்றேன். 11 மடையையும் அப்படியே வெச்சுக்கோங்க. ஒருத்தர் வயித்துலயும் அடிக்க வேண்டாம். அதுக்கு மேல வகுப்புக்கு நாலு குடம், அதாவது நாலு சீட்டு, தனியா வைங்க. அதுல ரெண்டு குடம், போன ரெண்டு மூணு வருசம் மாநிலப் பந்தயத்துல எந்த செக்‌ஷன் மேல வந்துதோ அதோட ரெண்டாவது பள்ளிக்கூடத்துக்கு. போன வருச மழையை நம்பி இந்த வருசம் வெதைக்கற மாதிரின்னு நீங்க சொல்லுவீங்க. நெசந்தான். நல்லா ஓடுன புள்ளை படிப்பு முடிச்சுட்டுப் போயிருக்கும். அதனாலதான் மிச்ச ரெண்டு குடம் இந்த வருச ஓட்டத்துக்கு. வான் கோர்ட்லண்ட்ல மன்ஹாட்டன் பந்தயம், ராச்சஸ்டர்ல மெக்வெய்ட் பந்தயம்னு நடக்குதில்லீங்களா? பல செக்‌ஷன்காரங்க ஒரே நாள், ஒரே சேத்துல நேருக்கு நேர் மோதறாங்க. யார் யாரை ஜெயிச்சாங்கன்னு அதுல பாருங்க. குதிரைக் கணக்கைக் கடைசியா, இழுபறின்னா மட்டும் எடுங்க.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்குது, நானே சொல்லிப் போடறேன். அப்பத்தான் நீங்க கண்டுபுடிச்சாப்பல மூஞ்சியை வெச்சுக்க மாட்டீங்க. பஸ்ஸுக்கு டீசல் போட முடிஞ்ச பள்ளிக்கூடந்தான் தூரத்துப் பந்தயத்துக்குப் போய் நாலு பேரை ஜெயிச்சுக் காட்டும். இல்லாத பள்ளிக்கூடம் ஊட்டுல உக்கார்ந்திருக்கும். அதனால அப்படிப் பந்தயத்துக்குப் போக முடியாதவங்களுக்கு ஒரு பஸ்ஸு நீங்க அனுப்போணும். ஆங், இப்பத்தான் ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்க்கறாரு. காசுன்னதும் எல்லாத்துக்கும் நேரமாயிருதுங்க.

"தடத்துல எடமில்லை"ம்பீங்க. கூட்டிப் பார்ப்போம். 11 பள்ளிக்கூடம், ஏழேழு பேர், 77. தனியாளுங்க 55. ஆக 132. நாலு பள்ளிக்கூடம் சேர்த்தா 28 கூடும், 160. அந்த 28-லயும் கொஞ்சம் பேர் எப்படியும் தனியாளா வந்து நிக்கறவங்கதான். சேத்துல கால் வெக்க எடம் நெறையக் கெடக்குது, நான் நின்னு பார்த்தனே.

உங்களுக்கு இப்ப ஒரு சந்தேகம் வந்திருக்கும். "கெழவன் பேத்திக்காகத்தான் இத்தனை பேசறான்." இல்லீங்க. அன்னைக்கு எங்க பள்ளிக்கூடம் ஒம்பதாவது. நான் சொல்ற சட்டம் வந்தாலும் போகாது, இதைவிட ரெண்டு மடங்கு தாராளமாச் சட்டம் போட்டாலும் போகாது. பாகத்துல பங்கில்லாதவன் பேச்சுக்குத்தான் பஞ்சாயத்துல மரியாதை.

நேத்துப் பொழுதோட இதையெல்லாம் பேத்திகிட்டப் படிச்சுக் காட்டுனேன். முழுசும் கேட்டா. "அப்பாரு, அந்த வடக்குச் செக்‌ஷன்ல எங்க வகுப்புக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடந்தானுங்களா?"ன்னா.

"சில வருசம் அப்படித்தான் கண்ணு."

"அப்ப அதுல சேர்ந்தா, ஓடி முடிச்சாப் போதும்?"

மகன் சாப்புட்டுட்டு இருந்தான். நான் அவனைப் பார்த்து மெதுவாக் கேட்டேன், கனடா எல்லைக்கிட்ட வாடகை என்ன போகுது, பனி எத்தனை அடி கொட்டும்னு.