பந்திக்கு முந்தியவன்

பந்திக்கு முந்து என்று சொல்லிக்கொடுத்த ஊரில் வளர்ந்தவன் நான். ஒலக்கூர்ப் பக்கம் கல்யாணச் சாப்பாட்டில், உட்கார்ந்திருப்பவர் ரசத்துக்கு வரும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிடுவோம். அவர் மோருக்கு வந்தால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வோம். இந்தப் பயிற்சியோடு பாப்டிஸ்ட் சபை ஒன்றின் கர்த்தருடைய பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மாடிக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மாதத்தின் முதல் ஞாயிறு. கூட்டிப்போன நண்பர், பிரசங்கம் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்று ஆசை காட்டியிருந்தார். தட்டு என்னிடம் வந்தது. ஓரம் நறுக்கிய ரொட்டி, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகள். எடுத்தேன், வாயில் போட்டேன், விழுங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு வாயும் அசையவில்லை. எல்லாரும் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்கள்.

நான் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை. அங்கே பீடத்தருகே போய் முழங்காலிட்டால் குருவானவர் கையில் வைப்பார். அப்படியே உட்கொண்டுவிட்டு எழுந்து வரலாம். இங்கே ரொட்டி உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. கடைசி ஆளுக்குக் கிடைக்கும்வரை காத்திருந்து, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பாதி அர்த்தமே இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெறும் கையை மூடிக்கொண்டேன். போதகர் சொன்னதும் எல்லாருடைய கையும் வாய்க்குப் போயிற்று. என் கையும் போயிற்று. ஒன்றுமில்லாததை நிதானமாக மென்றேன். பக்கத்து நாற்காலிச் சிறுமி கடைசிவரை என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.

பாப்டிஸ்டுகள் இந்தப் பந்தியைச் சாக்கிரமெந்து, அதாவது அருள் தரும் சடங்கு, என்று சொல்வதில்லை. இயேசு செய்யச் சொன்னார், செய்கிறோம், ஆகவே நியமம். ரொட்டி ரொட்டிதான், திராட்சை ரசம் திராட்சை ரசம்தான். 16ஆம் நூற்றாண்டில் சூரிச் நகரத்தில் ஸ்விங்ளி வாதாடிய வழி இது. கிறிஸ்து ஆவிக்குரிய விதமாக அங்கே இருக்கிறார் என்று 1689ஆம் ஆண்டின் லண்டன் விசுவாச அறிக்கை கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது; ஆனாலும் பெரும்பாலான சபைகளில் அழுத்தமெல்லாம் ஒரே சொல்லில்தான்: நினைவுகூருதல். மேசைமேல் எதுவும் மாறுவதில்லை. நடக்க வேண்டியது உட்கார்ந்திருப்பவன் மண்டைக்குள்ளே.

என் மண்டைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். சிலுவையை நினைக்க வேண்டிய நேரத்தில், ஒலக்கூர் ஸ்டேஷன் வாசலில் விட்டுவந்த வண்டியில் சாவி இருக்கிறதா என்று நினைத்தேன். மல்லாட்டை விற்ற பணத்தில் வியாபாரி வைத்த பாக்கியை நினைத்தேன். வீட்டில் வஞ்சிரம் வறுபடுமா, குழம்பாகுமா என்று நினைத்தேன். நினைவாற்றல் குறைந்துவிட்டது என்று டாக்டரிடம் புலம்புகிறவனுக்கு அந்த நாலு நிமிஷத்தில் உலகமே ஞாபகம் வந்தது, ஒருவரைத் தவிர. போதகர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொன்னபோது முன்வரிசைக்காரரைச் சோதித்தேன். வரப்பை ஒரு முழம் நகர்த்தியவர் அவர்.

வேதாகமத் தமிழில் ஒரு சொல் என்னை விடாமல் உறுத்துகிறது: அபாத்திரம். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் ரசம் இருக்கும் கிண்ணத்துக்குப் பாத்திரம் என்று பெயர். அதைத் தகுதியில்லாமல் வாங்குவது அபாத்திரமாய் வாங்குவது. இதே சொல்தான் நம் வீட்டுப் பழமொழியில் பிச்சை போடுமுன் அறியச் சொல்லும் பாத்திரமும். அந்தக் கடிதத்தில் பவுல் கொரிந்துக்காரரைக் கடிந்துகொண்டதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, மற்றவருக்குக் காத்திராமல் முந்திச் சாப்பிட்டார்கள். இன்னொன்று, பந்தியில் சிலருக்கு வெறி ஏறியிருந்தது. முதல் குற்றத்தை நான் வந்த அன்றே முடித்துவிட்டேன். இரண்டாவதற்கு அடுத்த மே மாதம்வரை தேவைப்பட்டது.

அதற்கு முன் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூழ்கு ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் பங்குபெறலாம் என்று போதகர் மாதாமாதம் அறிவிப்பார். எனக்குக் கைக்குழந்தையில் நெற்றியில் தெளித்ததோடு சரி. எட்டு வயதில் எங்கள் ஊர் ஏரியில் முழுசாக மூழ்கியிருக்கிறேன். மாடு மேய்த்தவர் ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அது கணக்கில் சேரும் என்று மனசுக்குள் ஒரு வக்கீலை அமர்த்தி வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

வாதம் புதிதல்ல. தண்ணீரைப் பற்றிய கருத்து வேற்றுமை பந்திக்குத் தடையாகக் கூடாது என்று ஜான் பனியன் 1673இலேயே ஒரு நூல் எழுதினார். வழக்குத் தீரவில்லை. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த 'ஸ்ட்ரிக்ட்' குணத்தைப் பற்றியதல்ல, பந்தியில் யார் உட்காரலாம் என்ற கறாரைப் பற்றியது. ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் 1974வரை வாழ்ந்து, 95 வயதில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார். அவர்கள் மகன் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தது வேலூர் சி.எம்.சி.யில். அந்த ஆஸ்பத்திரி பிறக்கக் காரணம் எங்கள் திண்டிவனத்தில் நடந்த ஒரு ராத்திரி. மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோக, டாக்டராவது என்று ஐடா ஸ்கடரை முடிவெடுக்க வைத்த ராத்திரி. ஸ்கடர் குடும்பம் குழந்தைக்குத் தெளிக்கும் ஆற்காடு மிஷன். விதியைக் கறாராகப் பிடித்தால் ஐடாவுக்கும் கொல்லிமலைப் பந்தியில் இடமில்லை. இடமில்லாதவர்களின் இந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன். திராட்சை ரசம் தயாரிக்கும் பொறுப்பைப் போதகர் என்னிடம் கொடுத்தார். பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கினேன்.

"என்னங்க, கொதிக்க வச்சீங்களா?" என்றாள் மனைவி.

"கொதிச்சா சத்து போயிடும். வெதுவெதுப்பா வச்சேன்."

அமெரிக்காவில் வெல்ச் என்ற பல் டாக்டர் 1869இல் இந்தப் பந்திக்காகவே புளிக்காத திராட்சை ரசம் செய்தார். பாட்டிலை வெந்நீரில் சுடவைத்து ஈஸ்ட்டைக் கொன்றார், அவ்வளவுதான் வித்தை. நானோ ஈஸ்ட்டுக்கு இதமாகக் குளிப்பாட்டி, மூடியை இறுக்கி, அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு நாள் பரணில் தூங்கவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் திறந்தபோது 'டப்' என்றது. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து குட்டிக் கிண்ணங்களில் ஊற்றினேன். (ஒரே கிண்ணத்தில் குடிக்கச் சாதி பார்த்துச் சண்டை போட்ட தேசத்தில், தனித்தனிக் கிண்ணம் வந்தது சுகாதாரத்துக்காக மட்டும்தான் என்று நம்ப எனக்கும் ஆசை.)

மூன்றாம் வரிசையில் ஒருவர், குடியை விட்டு ஆறு வருஷம் ஆனவர், கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. குடிக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். அதைப் பார்த்த போதகர் தன் கிண்ணத்தையும் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டை ஆரம்பித்தார். யாரும் குடிக்கவில்லை. தூணுக்குப் பின்னால் என்னைத் தவிர. நான் அதற்குள் குடித்திருந்தேன்.

ஆராதனை முடிந்து படிக்கட்டில் போதகரைப் பிடித்தேன். முதலில் ரசத்துக்கு மன்னிப்பு. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, எனக்கு மூழ்கு ஞானஸ்நானம் கிடையாது" என்றேன்.

"தெரியும் பிரதர். ரிஜிஸ்டர் என்கிட்டதானே இருக்கு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"முதல் மாசமே உங்களைப் பார்த்தேன். கையில ஒண்ணுமில்லாம மென்னுக்கிட்டு இருந்தீங்க. தட்டை விட்டுட்டு, அடுத்தவங்க தப்பா நினைக்கக் கூடாதுன்னு அப்படிச் செய்றாருன்னு புரிஞ்சுது. நேர்மையான மனுஷன். அதை நம்பித்தான் ரசத்தை உங்ககிட்ட ஒப்படைச்சேன்."

வாயைத் திறந்தேன். ஒலக்கூர் பஸ் வந்துவிட்டது.