மார்கழி மேல இன்னாத்துக்குப் பழி?

இன்னா மருமவனே, காலங்காத்தால கொரங்கு குல்லா மாட்டிக்கினு பானெட்டைத் தொறந்து வெச்சு நிக்கிற? சாவியத் திருப்புனா ‘டிக் டிக்’னு மட்டும் சொல்லுதா? அது சொல்லட்டும். “செம குளிரு மாமா, அதான் வண்டி எய்ந்திரிக்க மாட்டேங்குது”ன்னு நீ சொல்ற பாரு, அதக் கேட்டாத்தான் எனக்கு நடுங்குது. ராயபுரத்துல மார்கழி விடியக்காலம் இருவது டிகிரி. இதப் போயி லடாக்குல ஒரு டிரைவருகிட்ட குளிருன்னு சொல்லிப் பாரு. டீ வாங்கிக் குடுத்து, பக்கத்துல குந்தவெச்சு, “அப்பால?”ன்னு கதை கேப்பான்.

அங்க டீசலே மெழுகாட்டம் கட்டிக்கும். டாங்கிக்கு அடியில நெருப்பு மூட்டி இளக்குவானுங்க. சில பேரு ராவுல பேட்டரியக் கயட்டி ரூமுக்குள்ள எடுத்துக்கினு போயி வெச்சுப்பானுங்க. அந்தக் குளிருக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரிக்கும் தாங்குற டீசல 2019ல இந்தியன் ஆயில் எறக்குச்சு. நீ இன்னாடான்னா காசிமேட்டுக் காத்துக்கு மஃப்ளர் சுத்துற.

நம்ம பேட்டை பேரையாவது காப்பாத்துபா. 1949லயே எண்ணூர்ல ஆஸ்டின் கார மாட்டி ரோட்டுல வுட்டவங்க நாம. அந்தக் காலத்து வண்டிக்கு பேட்டரி படுத்தா முன்னாடி ஹேண்டில வுட்டு ஒரு சுத்து, அவ்ளோதான். 1955ல திருவொத்தியூர்ல புல்லட் வந்துச்சு. அத ஸ்டார்ட் பண்றதே தனி வித்தை. டீகம்ப்ரசரப் புடிச்சிக்கினு, ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வர்ற வரிக்கும் கிக்கர மெதுவா அமுக்கணும், அப்பால ஒரே ஒதை. வித்தை தெரியாதவன் கணுக்காலு காலி. இங்க வேர்வையில செஞ்ச வண்டிய பட்டாளத்துக்காரன் பனிமலையில ஒதச்சு ஓட்டுனான். உன்னுது இந்தக் காலத்து வண்டி, ஒதைக்கவும் முடியாது, சுத்தவும் முடியாது. ஆட்டோமேட்டிக் வேற. தெருப் பசங்களக் கூட்டியாந்து தேரடி வரிக்கும் தள்ளுனாலும் கிளம்பாது, அவனுங்களுக்கு நாஸ்டா செலவுதான் மிச்சம்.

விஷயத்துக்கு வரேன். உன் பேட்டரியக் கொன்னது மார்கழி இல்ல, கத்திரி வெயிலு. 2003 மே 31ல இந்த ஊர்ல 45 டிகிரி அடிச்சிது, ஞாபகம் இருக்குதா? அந்த மாதிரி வெயில்ல பானெட்டுக்குள்ள என்னா கொதி கொதிக்கும்! தண்ணி ஆவியாப் போவும், உள்ள இருக்குற ஈயத்தகடு அரிச்சிக்கினே வரும். பத்து டிகிரி ஏறுனா ஆயுசு பாதியாவுதுன்னு பேட்டரிக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஆனா வெயில்ல உள்ள இருக்குற ரசாயனம் சுறுசுறுப்பா வேலை செய்யும், அதனால நோய் வெளிய தெரியாது. மார்கழியில லேசா சில்லுன்னு ஆனதும் அது மந்தமாவுது, வண்டவாளம் வெளிய வருது. கொலை கத்திரியில, பொணத்தக் கண்டெடுத்தது மார்கழியில. நீ கண்டெடுத்தவன் மேல கேஸ் போடுற.

மீதிப் பழி உன் மேல. வாரம் ஒரு தபா வண்டிய எடுத்து, இட்லி மாவு வாங்க ரெண்டு தெரு ஓட்டி, திரும்ப நிறுத்துற. ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்ட திருப்பிக் குடுக்கவே அந்த தூரம் பத்தாது. இதுல நிறுத்துன வண்டியில அலாரம், கேமரா, அந்த ஊஃபரு, அல்லாம் உறிஞ்சிக்கினே கீது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல அரை மணி, முக்கா மணி ஓட்டு. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால மாட்டிக்கினு நிக்கிறத ஓட்டுனதா எண்ணிக்காத.

மீட்டர் வெச்சுப் பாரு. ராத்திரி பூரா நின்ன வண்டியில 12.6 வோல்ட் காட்டுனா தெம்பு. 12.2ன்னா பாதி காலி. என்ஜின் ஓடும்போது 14 கிட்ட வரலன்னா பேட்டரிய திட்டாத, ஆல்டர்னேட்டரக் கவனி. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடக்குது பாரு, அதுக்கு நம்ம உப்புக்காத்தும் ஒரு கூட்டாளி. முதல்ல நெகட்டிவ், அப்பால பாசிட்டிவ், இந்த வரிசையில கயட்டி, ஆப்பசோடா கலந்த சுடுதண்ணியில கயுவி, காய வெச்சு, வாசலின் தடவு. மூடி தொறக்குற பேட்டரின்னா டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊத்தணும். கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துறாங்களே, அது உனக்குக் குடிக்க, பேட்டரிக்கு இல்ல. ஆசிட்டும் ஊத்தாத. முக்கியமா, பீடிய வாயில வெச்சிக்கினு எட்டிப் பாக்காத. பேட்டரியிலேர்ந்து வர்றது ஹைட்ரஜன். மீசை மட்டும் போனா நீ அதிர்ஷ்டக்காரன்.

பக்கத்து வண்டியில ஜம்பர் போடுறியா? சிவப்பு, பாசிட்டிவ்ல இருந்து பாசிட்டிவ்க்கு. கறுப்போட ஒரு முனை நல்ல பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை உன் என்ஜினோட இரும்புல, பேட்டரியத் தள்ளி. மாத்திப் போட்டா உள்ள இருக்குற கம்ப்யூட்டரு புகையும், அப்பால எங்கிட்ட வந்து அய்வாத.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப மாதிரி வண்டி தண்ணியில முங்குனா சாவியத் தொடவே கூடாது. ‘சும்மா ஒரு தபா பாக்கலாம்’னு திருப்புனவன் என்ஜினுக்கே சங்கு ஊதுனான்.

உன் பேட்டரிக்கு மூணு வருஷம் தாண்டிடுச்சா? பங்குனியிலயே கடைக்குக் கொண்டுபோயி லோடு டெஸ்ட் போடச் சொல்லு. மாத்துனா பழச அந்தக் கடையிலயே குடு, புதுசுல வெல கொறைப்பான். பழைய பேட்டரிய திருப்பி எடுக்குறது கம்பெனி பொறுப்புன்னு 2022லயே சட்டம் போட்டாச்சு. நூறு ரூபா கூடக் கெடைக்குதேன்னு காயலான் கடையில போடாத. அது எங்கியாவது சந்துல ஈயமா உருகும், அந்தப் பொகை நம்ம பசங்க நெஞ்சுலதான் எறங்கும்.