கேஷ் தோஷ நிவர்த்தி

டிவியில் படம் திக்கித் திணறுகிறதா? கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள். "சார், பேக்ரவுண்டுல ஓடுற ஆப்பையெல்லாம் க்ளோஸ் பண்ணுங்க, கேஷ் க்ளியர் பண்ணுங்க, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பரிகாரம் சொல்லிவிடுவார்கள். தோஷம் எப்போதும் உங்கள் ஜாதகத்தில்தான். பெட்டியைச் செய்து விற்றவன் ஜாதகம் சுத்தம். ஒன்பது வாரம் நெய்விளக்குப் போடச் சொல்லாததுதான் பாக்கி.

பக்தர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து, செட்டிங்ஸுக்குள் புகுந்து, அப்ளிகேஷன்ஸில் இறங்கி, ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து 'ஃபோர்ஸ் ஸ்டாப்', 'க்ளியர் கேஷ்' என்று அமுக்கிக்கொண்டே போவார்கள். அதே வரிசையில்தான் 'க்ளியர் டேட்டா'வும் குந்தியிருக்கும். கட்டைவிரல் ஒரு வரி வழுக்கினால் லாகின் காலி. அப்புறம் அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி மெயில் ஐடியை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, '@' எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடி, பாஸ்வேர்டில் முதல் எழுத்து பெரிசா சின்னதா என்று வெளியூரில் இருக்கும் மகனைக் கேட்டு முடிப்பதற்குள் மேட்சில் பவர்பிளே முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் ஆப்பை மூடுவதால் அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. ஆண்ட்ராய்டில் மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால், சும்மா கிடக்கும் ஆப்புகளைத் தானே தீர்த்துக்கட்ட 'லோ மெமரி கில்லர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. பின்னணியில் கிடக்கும் ஆப் பெரும்பாலும் பிராசஸரைத் தொடுவதே இல்லை. அதை மூடினால், அடுத்த முறை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடிக்கும். 2016-ல் ஐபோன்காரர் ஒருவர், ஆப்புகளை மூடினால் பேட்டரி மிச்சமாகுமா என்று ஆப்பிளுக்கே எழுதிக் கேட்டார். மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டு 'இல்லை'யில் கதையை முடித்தார். ஆண்ட்ராய்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையேதான் சொன்னார். செய்தவர்களே சொல்லியாயிற்று. பரிகாரம் மட்டும் நிற்கவில்லை.

கேஷ் என்பது போஸ்டர் படங்களும் துண்டுதுணுக்குகளும். இன்று அழித்தால் நாளை அதே போஸ்டரை உங்கள் டேட்டாவிலேயே மறுபடி இறக்கும். ஒரேயடியாகப் பொய் என்றும் சொல்லமாட்டேன். ஒரு ஆப் உறைந்து நின்றால் ஃபோர்ஸ் ஸ்டாப் உதவும். சேமிப்பிடம் விளிம்புவரை நிரம்பியிருந்தால் கேஷை அழிப்பது கொஞ்சம் மூச்சுவிட வைக்கும். ஆனால் நிரப்பியது யார்? 2020-ல் கூகுள் விற்ற, கூகுள் டிவி கொண்ட குரோம்காஸ்டில் 8 ஜிபி. அதில் வாங்கியவர் கைக்கு வந்தது சுமார் நாலரை. பாதி வீட்டை ஓனரே அடைத்துக்கொண்டு, குடித்தனக்காரரிடம் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிப் போடச் சொல்கிற நியாயம் இது.

மிச்ச இடத்தில் விளம்பரம். 2021 ஜூனில் என்விடியா ஷீல்டு வைத்திருந்தவர்கள் ஒரு அப்டேட் முடிந்து பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் முகப்பில் பாதித் திரைக்கு விளம்பரம். ஆத்திரத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். 2023 நவம்பரில் அமேசானின் ஃபயர் டிவி ஒரு படி மேலே போய், ஆன் செய்ததுமே திரை முழுக்க வீடியோ விளம்பரத்தை ஓட்டத் தொடங்கியது. நீங்கள் திறந்த ஆப்பை மூட ஆயிரம் வழி. அவர்கள் திறந்த விளம்பரத்துக்கு எங்கே ஐயா ஃபோர்ஸ் ஸ்டாப்?

இந்தப் பயத்தை வைத்தே பிழைத்த பூசாரிகளும் உண்டு. 'க்ளீன் மாஸ்டர்' ஞாபகம் இருக்கிறதா? மெமரியைப் பெருக்கித் துடைக்கிறேன் என்று போனுக்குப் போன் நுழைந்த ஆப். அதன் கம்பெனியான சீட்டா மொபைலின் ஆப்புகளை, விளம்பரத் தொல்லைக்காக 2020 பிப்ரவரியில் கூகுளே கடையைவிட்டுத் தூக்கியது. அதே ஆண்டு ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்புகளில் க்ளீன் மாஸ்டரும் ஒன்று.

பரிகாரம் சொல்பவர்கள் கேட்காத கேள்விகள் வேறு. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை அதன் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்களா, டிவியின் யூஎஸ்பியிலா? பழைய யூஎஸ்பி ஓட்டை தருவது அரை ஆம்பியர்; ஸ்டிக் கேட்பது ஒரு ஆம்பியர். நடுவில் வட்டம் சுற்றுகிறதா, இல்லை மெனுவே நகர மறுக்கிறதா? வட்டம் சுற்றினால் அது பெரும்பாலும் நெட் கோளாறு. ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அந்த வேகம் வரவில்லையென்றால் கேஷை அல்ல, பெட்டியையே கழுவிக் காயப்போட்டாலும் படம் ஓடாது. மெனு நகரவில்லை என்றால் ரேம் போதவில்லை, பிராசஸர் சோப்ளாங்கி. இதைக் கஸ்டமர் கேர் பெண் சொல்லமுடியாது, பாவம். அவர் கையில் கொடுத்த தாளில் அந்த வரி இருக்காது.

இரண்டு மூன்று வருஷம் இப்படி ஓடிய பிறகு ஒருநாள் அருள்வாக்கு வரும்: "டிவைஸ் பழசாயிடுச்சு சார், புதுசுக்கு மாறிக்கோங்க." மாறுங்கள். 2014-ல் வந்த முதல் ஃபயர் டிவி ஸ்டிக்கில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பிடம். 2020-ல் வந்த ஸ்டிக் லைட்டிலும் அதே 1, அதே 8. 2025-ல் '4கே செலக்ட்' என்று பெயர் சூட்டி, புது இயங்குதளம் என்று தம்பட்டம் அடித்து இறக்கியதிலும் 1 ஜிபிதான், 8 ஜிபிதான்.